இரண்டு கிலோ ஆம்ப் மேடைக்குத் தாங்குமா?

கேள்வி, 2024 ஜனவரி 5

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கல்யாண பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். கையில் இருப்பது பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த பழைய காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), 38 கிலோ. கார் சின்னது, அதை ஏற்றினால் பின் சீட்டில் ஆள் உட்கார முடியாது. இரண்டு கிலோவில் ஒரு ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), நியோடிமியம் காந்தம் போட்ட பன்னிரண்டு அங்குலப் பெட்டி ஒன்றும் வாங்கலாம் என்று பார்க்கிறேன். எங்கள் டிரம்மர் அண்ணன், "லேசான ஆம்பில் சத்தம் வரும், கனம் வராது" என்கிறார். மேடையில் வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6

வாங்குங்கள் தம்பி. டிரம்மர் அண்ணன் தன் டிரம்மைத் தானே தூக்குகிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நான் வாரநாளில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். சனி ஞாயிறு ஹோட்டலிலும் கல்யாணத்திலும் பேஸ். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசி ஆறு வருஷமாக லேசான சாமான்தான்.

ஹோட்டலில் வாசித்தவர்களுக்குத் தெரியும், வாத்தியக்காரனுக்கு முன்வாசல் கிடையாது. சமையலறைக்குப் பின்னால் இறக்கி, துணி வெளுக்கிற இடத்தைத் தாண்டி, ஈரப் படியில் இரண்டு தளம் ஏறி இறங்கி, கடைசியில் அறுபது எழுபது அடி மணலில் நடக்கணும். தள்ளுவண்டிச் சக்கரம் மணலில் அச்சு வரை இறங்கிவிடும். பழைய காம்போவுக்கு இரண்டு ஆள் வேண்டும், இன்னொரு ஆள் எப்போதும் அந்த நேரம் பார்த்து போனில் இருப்பான். இப்போது கிடார் முதுகில், ஹெட் தோள்பையில், பெட்டி ஒரு கையில். ஒரே நடை.

எடை எங்கே போனது என்றால், மூன்று இடத்தில். பழைய ஆம்பில் பாதி எடை டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் செம்பும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே வாங்கி மாற்ற அவ்வளவு இரும்பு வேண்டும். புதியதில் அதே மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி அனுப்புகிறார்கள். அந்த வேகத்துக்குத் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். இரண்டாவது, கிளாஸ் டி என்கிற ஆம்ப் முறை. டி என்றால் டிஜிட்டல். சூடாக வீணாவது குறைவு என்பதால் பெரிய அலுமினியச் சிறகுகள் தேவையில்லை. மூன்றாவது, ஸ்பீக்கர் காந்தம். ஃபெரைட் வட்டை ஒரு கையால் தூக்கவே யோசிப்போம். நியோடிமியம் அதே வேலையைக் கைப்பிடி அளவில் செய்துவிடும்.

இந்த மூன்றில் எதுவும் தாழ்ந்த ஸ்வரத்தைத் தின்கிற சமாசாரம் இல்லை. கனம் என்பது டிரம்மர் அண்ணனின் கண்ணில் இருக்கிறது. பெரிய பெட்டியைப் பார்த்ததும் காது முன்கூட்டியே தலையாட்டிவிடும்.

ஜனவரி 7

திருத்தம். டி என்றால் டிஜிட்டல் இல்லையாம். ஏ, பி, சி ஏற்கெனவே போய்விட்டதால் அடுத்த எழுத்து, அவ்வளவுதான். ஒரு நண்பர் தனிமடலில் குட்டினார். வாத்தியார் வேலைக்கே ஆபத்து.

ஜனவரி 10

"கண்ணில் இருக்கிறது" என்று எழுதியது கொஞ்சம் திமிர். இரண்டு நாளாக உறுத்தியது, அதனால் சோதித்தே பார்த்துவிட்டேன்.

ஒரு நண்பர் வீட்டில் ஆம்பெக் எஸ்.வி.டி. வகை ஹெட்டும், பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடுக்கிய பெட்டியும் இருக்கின்றன. 1969இல் வந்த வம்சம் அது. 300 வாட், பதினான்கு வால்வு (கண்ணாடிக் குழல்), ஹெட் மட்டுமே 36 கிலோவுக்கு மேல். பெட்டி 63 கிலோ. அதைப் பெயரே மாற்றி ஃபிரிட்ஜ் என்றுதான் சொல்வார்கள். அதன் பக்கத்தில் என் 500 வாட் ஹெட்டையும் ஒற்றைப் பன்னிரண்டு அங்குலப் பெட்டியையும் வைத்தேன். எங்கள் பேண்ட் டிரம்மரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, சத்த அளவைச் சமமாக்கி, மாற்றி மாற்றி வாசித்தேன்.

பேச்சுக்குரலை விடக் கொஞ்சம் மேலே இருந்தபோது அவர் பத்தில் ஐந்து தடவை தப்பாகச் சொன்னார். காசு சுண்டிப் போட்டாலும் அதேதான் வரும். டிரம்மோடு சேர்த்து வாசிக்கிற அளவுக்கு ஏற்றியபோது ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஃபிரிட்ஜ் சும்மா நின்றது. என் பெட்டி மூச்சுத் திணறியது.

ஆக தம்பியின் டிரம்மர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியில்லை. தோற்றது எடை குறைந்ததால் இல்லை, எட்டு ஸ்பீக்கரோடு ஒன்று மல்லுக்கட்டியதால். காற்றைத் தள்ளப் பரப்பு வேண்டும், பெட்டிக்குள் கொள்ளளவு வேண்டும். கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியின் எச் ஆன ஹாஃப்மன் பெயரில் ஒரு இரும்பு விதி சொல்வார்கள்: சின்னப் பெட்டி, தாழ்ந்த ஸ்வரம், குறைந்த வாட்டில் நிறைய சத்தம். மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். நியோடிமியம் வந்தாலும் அந்த விதி மாறவில்லை.

இன்னொன்று. கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த எட்டு ஸ்பீக்கர் பெட்டியின் கணக்கே 58 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்குக் கீழே சரிந்துவிடும். நாம் "ஆஹா, என்ன கனம்" என்று மயங்குகிற சத்தத்தில் முக்கால்வாசி 41இன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பேஸ் குமிழைத் திருகும் என் பழக்கம் பாதியாகக் குறைந்தது. பாதி என்று சொன்னது பெருமைக்கு.

ஜனவரி 17

திங்கட்கிழமை பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீடு நகர ஓரம், தாழ்வான இடம். மதியம் வாசற்படி தாண்டித் தண்ணீர் வந்தது.

ஒரு கையில் ஹெட், ஒரு கையில் பெட்டி, மாடியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நடையில் இரண்டு கிடார். அதற்கடுத்து அரிசி மூட்டை, அம்மாவின் தையல் மெஷின். பழைய காம்போ மூலையில் இருந்தது. அதை விற்காமலே வைத்திருந்தேன். குனிந்து பிடியைப் பிடித்தேன், முதுகு "வேண்டாம்டா" என்றது. விட்டுவிட்டேன். நாலு விரற்கடைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க நின்றது.

எல்லாரும் நலம். ஆம்ப் வாங்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

ஜனவரி 26

நேற்று தைப்பூசக் காவடி. பத்து நாள் விரதத்தில் கச்சேரி கிடையாது, அதனால்தான் இங்கே சத்தமில்லை. உள்ளங்காலில் கொப்புளம். என் காவடியை முன்பே தூக்கிப் பார்த்த மகன், "அப்பா, உங்க பழைய ஆம்பை விட லேசுதான்" என்றான்.

பிப்ரவரி 2

நேற்று அடிமை ஒழிப்பு நாள். ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரையில் ஒரு சேகா (இந்தத் தீவின் ஆட்டப்பாட்டு) மாலை. இங்கே தைரியமாக எழுதியவன் அங்கே நன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஒற்றைப் பெட்டி, திறந்த வெளி. மண்டபத்தில் சுவர், கூரை, மேடைப் பலகை எல்லாம் சேர்ந்து நமக்குத் தெரியாமலே தாழ்ந்த ஸ்வரத்தைத் தூக்கிக்கொடுக்கும். கடற்கரையில் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். தூரம் இரண்டு மடங்கானால் சத்தத்தில் ஆறு டெசிபெல் போய்விடும். பெட்டியை மணலில் வைத்திருந்தேன், பாதி சத்தம் என் முழங்காலுக்குத்தான் வாசித்தது. முதல் பாட்டிலேயே பேஸ் கொசு மாதிரி.

நான் செய்த முதல் தப்பு, பேஸ் குமிழை ஏற்றியது. ஹெட்டின் விசிறி இரைந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் ஏறவில்லை. மூன்று டெசிபெல் கூட வேண்டும் என்றால் வாட் இரண்டு மடங்கு வேண்டும். காதுக்கு இரட்டிப்பாகத் தோணணும் என்றால் பத்து மடங்கு. இருக்கிற 300 வாட்டையும் காதுக்கே எட்டாத அடிமட்டத்தில் கொட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஸ்பீக்கர் சுருள் சூடாகிவிட்டால் அதுவும் தன் பங்குக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் ரவான் என்கிற தோல்மேளம் வாசிப்பவர் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றப் போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் பெட்டியை ஒரு குளிர்பானக் கூடைமேல் ஏற்றி, முகத்தைக் காதுப் பக்கம் சாய்த்தேன். பேஸ் குமிழை நடுவுக்குக் கீழே இறக்கி, தாழ்நடுக் குமிழை ஏற்றினேன். அவர் திரும்பி வந்து அடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சேகாவில் அடிவயிற்றில் இடிக்கிற வேலையை ரவானின் நடுத்தோல் அடியே செய்துகொண்டிருக்கிறது. ஆறு எட்டுத் தாளத்தில் அது விழுகிற இடத்தில் நானும் அதே ஆழத்தில் விழுந்தால் இரண்டும் சகதி. நான் ஒரு படி மேலே நின்றால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். இருபது வருஷம் வாசித்தவன் இதை ஒரு சின்னப் பெட்டி திணறின பிறகுதான் கற்றுக்கொள்ளணுமா? பெரிய பெட்டி வைத்திருந்த காலமெல்லாம் ரவான்காரரை அமுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிப்ரவரி 3

நேற்றைய கதையில் ஒன்றை மறைத்துவிட்டேன். கூட இருந்த ஒருவர் இதைப் படித்துவிட்டார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பாட்டில் பாடகி ஆடிக்கொண்டே பின்னால் வந்தார். ஸ்பீக்கர் ஒயர் அவர் காலில் மாட்டியது. ஹெட் பெட்டிமேலிருந்து கிளம்பி ஒரு கஜம் பறந்து மணலில் குப்புற விழுந்தது. பழைய ஆம்பாக இருந்தால் ஒயர்தான் அறுந்திருக்கும், ஆம்ப் அசைந்திருக்காது. ஒயர் நுனியில் ஸ்பீக்கான், முறுக்கிப் பூட்டுகிற சாதி. அது கழன்றுகொள்ளாமல் ஹெட்டையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாட்டு முடியும்வரை பேஸ் இல்லை, ரவான் மட்டும். கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது தனி வருத்தம்.

லேசான ஹெட் தள்ளத் தேவைகூட இல்லை, பெட்டி அதிர்கிற அதிர்விலேயே நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். அலமாரித் தட்டில் விரிக்கிற ரப்பர் வலையை ஒரு துண்டு வெட்டி அடியில் போடுங்கள். ஒயரைப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செருகுங்கள். எழுத்தாணியால் ஹெட்டில் புகுந்த மணலை நோண்டி எடுத்தேன். எழுத்தாணி எங்கள் வகுப்புக் கண்காட்சிக்கு வைத்திருந்தது. ஹெட் பிழைத்துக்கொண்டது.

பிப்ரவரி 11

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "500 வாட் என்றுதானே போட்டிருக்கிறது, நீங்கள் ஏன் 300 என்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. ஹெட்டின் மேல் அச்சடிக்கிற 500 என்பது ஸ்பீக்கரின் மின்தடை நாலு ஓம் என்றால் வருவது. ஒற்றைப் பெட்டி பெரும்பாலும் எட்டு ஓம், அதில் 250, 300தான் வரும். அதே மாதிரி இன்னொரு எட்டு ஓம் பெட்டியைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து நாலு ஓம். முழு வாட்டும் இறங்கும், தள்ளுகிற பரப்பும் இரண்டு மடங்கு. 300 ஐந்நூறானதால் இரண்டு டெசிபெல், ஸ்பீக்கர் இரண்டானதால் மூன்று, ஆக மொத்தம் ஐந்து. பெரிய ஆம்ப் வாங்குவதை விட இரண்டாவது பெட்டி வாங்குவது மேல் என்று சொல்வது இதனால்தான்.

என் யோசனை: ஒற்றைப் பன்னிரண்டுக்குப் பதில், எட்டு ஓமில் ஒரே மாதிரி இரண்டு சின்னப் பெட்டி. சின்ன ரெஸ்டாரன்டுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு இரண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள், மேலே இருப்பது உங்கள் காதுக்கு வாசிக்கும். ஜனவரி 6இல் "வாங்குங்கள்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்ததை இதோடு சேர்த்துப் படிக்கவும்.

பிப்ரவரி 12

மூன்றாவது பெட்டியும் சேர்க்கலாமா என்று ஒருவர். வேண்டாம். மூன்று எட்டு ஓம் சேர்ந்தால் 2.7 ஓம். நாலுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கிற ஹெட் நடுப்பாட்டில் வாயை மூடிக்கொள்ளும்.

இதையும் சேர்த்துவிடுகிறேன். பல கிளாஸ் டி ஹெட்டுகளில் ஸ்பீக்கர் முனை இரண்டிலும் மின்சாரம் இருக்கும், ஒன்றுகூடப் பூமி இணைப்பு இல்லை. ஸ்பீக்கர் வெளிவாயிலிருந்து மிக்ஸருக்கு ஒயர் போடுகிற புத்திசாலித்தனத்தை யாரும் முயல வேண்டாம்.

பிப்ரவரி 25

மணலில் விழுந்தபோது பிழைத்த ஹெட் சும்மா இருந்தபோது செத்தது. வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம். தோட்டத்தில் ஜெனரேட்டர். விளக்குகள் ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. சவுண்ட் செக்கில் ஒரு டப், அதோடு சரி.

பழுது பார்க்கிறவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றினார். மின்வழங்கிப் பகுதி முழுக்க ஒரே பலகை, எறும்பு அளவுப் பாகங்கள். "பலகையோடு மாற்றணும், வெளிநாட்டிலிருந்து வரணும்." அவரே பெலாலில் நனைந்த என் பழைய காம்போவை நாலு நாள் மின்விசிறி முன் வைத்து, உள்ளே துடைத்து, ஒரு ஃபியூஸும் இரண்டு கெபாசிட்டரும் மாற்றி உயிர் கொடுத்திருந்தார். செலவு ஒரு கல்யாணச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. புதுப் பலகைக்குச் சொன்ன விலையில் பழைய ஹெட் ஒன்றே வாங்கிவிடலாம். அட்வான்ஸ் எண்ணிக் கொடுக்கும்போது நோட்டில் தமிழ் எழுத்து இருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

ஆக லேசான சாமானில் எடை காணாமல் போகவில்லை, முதுகிலிருந்து பர்ஸுக்கு மாறியிருக்கிறது. இப்போது சின்ன உபரி ஹெட் ஒன்று பையில் வைத்திருக்கிறேன். டிரேஸ் எலியட் எல்ஃப், 200 வாட், எடை ஒரு கிலோகூட இல்லை. பழைய காலத்தில் உபரி ஆம்ப் கொண்டுபோவது என்றால் உபரி ஆளும் கொண்டுபோகணும்.

வெளியூர்ச் சொந்தக்காரர் கையில் வாங்கிவரச் சொல்கிறவர்கள் ஹெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100இலிருந்து 240 வரை என்று இருந்தால் நம் 230க்குக் கவலையில்லை. 120 மட்டும் என்று இருந்தால் வேண்டாம்.

மார்ச் 13

நேற்றுச் சுதந்திர தின மேடை. சவுண்ட்காரர் என் ஹெட்டின் டிஐ வாயிலிருந்து (மிக்ஸருக்கு நேரே போகிற வழி) ஒயரை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் கேட்டது அவருடைய பெரிய ஸ்பீக்கரை. என் பெட்டி எனக்கும் டிரம்மருக்கும் மட்டும். இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்: இந்தத் தீவில் இப்போது பாதி மேடைகள் இப்படித்தான். அங்கே ஒற்றைப் பத்து அங்குலமே தாராளம். டிஐ பொத்தானை ஈக்யூவுக்கு (பேஸ், தாழ்நடுக் குமிழ்களுக்கு) முன்னால் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மேடையில் குமிழைத் தொடும்போதெல்லாம் அவர் அங்கே திட்டுவார்.

பெரிய பெட்டி தேவைப்படுவது, சவுண்ட்காரர் பேஸைத் தொடாத நடுத்தரக் கல்யாணங்களில்தான். வாழையிலை, ஏழு கறி, முந்நூறு பேர், பாடகருக்கு மட்டும் ஸ்பீக்கர். தம்பி வாசிப்பதும் அதே இடத்தில்தான் என்பதை நான் மறந்தே போனேன்.

மார்ச் 30

தம்பி வாங்கிவிட்டார். ஒற்றைப் பத்து அங்குலப் பெட்டி இரண்டு, எட்டு ஓம், ஒவ்வொன்றும் 11 கிலோ. அவருடைய டிரம்மர் அண்ணன் இரண்டையும் அடுக்கி வைத்ததைத் தூரத்திலிருந்து பார்த்து, "இது பரவாயில்லை, உயரமாக இருக்கிறது" என்றாராம். கண் விஷயம் முழுக்கப் பொய்யில்லை போல.

பழைய காம்போவை விற்றுவிட்டேன். கியூர்பிப்பிலிருந்து ஒரு பையன் வந்தான், பதினெட்டு வயசிருக்கும், தனியாகத் தூக்கிக் காரில் வைத்தான். ரப்பர் வலை ஒரு துண்டு தரட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றான்.